நன்றிக் கையெழுத்து

அக்குவா ஃபொரிவா அம்மையாரைக் குமாசி நகரின் வடபுறத்தில் எங்கள் தெருவினர் அனைவரும் அறிவர். வயது அறுபத்து மூன்று. நெடிய உருவம், சற்றே முன்னோக்கி வளைந்த நடை. அவருக்கு மூன்று வழக்கங்கள் உண்டு. சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, தம் அண்ணனுடைய பதினோர் அறை வீட்டின் சன்னல்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து வைப்பார். திறந்து முடித்ததும் வாசற்படியில் அமர்ந்து, ஹாம்பர்க் நகரிலிருந்த அண்ணன் குவாபெனா டுமாசிக்குக் கைப்பேசியில் குரற்செய்தி அனுப்புவார். எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மாமரம் எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது என்பன போன்ற செய்திகளே அதில் இருக்கும்.

மூன்றாவது வழக்கம், நன்றி சொல்லுதல். எவரேனும் எதையேனும் கொடுத்தால், மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னிலையில் நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்வார். மறுநாள் விடியற்காலையில் கொடுத்தவர் வீட்டுக்கு நடந்து சென்று மீண்டும் ஒரு முறை சொல்வார். எங்களில் எல்லோரும் அவ்வாறு செய்கிறவர்களே. ஆயினும் நிலத்துக்கும் மணப்பெண்ணுக்கும் நாங்கள் செய்வதை, அவர் இரண்டு தக்காளிக்கும் செய்வார்.

"இந்த அக்காவுக்கு ஒண்ணு குடுத்தா நமக்குத்தான் நஷ்டம். காலைல தூக்கத்தைக் கெடுத்துடுவாங்க" என்பான் எதிர்க்கடைத் தையற்காரன் சாலிஃபு. சொல்லிவிட்டு, மிஞ்சிய துணியில் அவருக்கு ஒரு பையும் தைத்துக் கொடுப்பான்.

டுமாசி வெளிநாடு சென்று முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. துறைமுகக் கிடங்கில் வேலை. வெளிநாடு போனவன் ஊரில் வீடு கட்டவில்லை என்றால் அவன் போனதாகவே எங்களில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அவரும் கட்டத் தொடங்கினார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், சுவர்கள் சன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தபோது, சிமெண்டு மூட்டைகள் இரவோடிரவாக மறையலாயின. டுமாசி தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, காவலுக்கு வரும்படி கேட்டார். கணவனை இழந்து, பெரிய சந்தையில் துணிக்கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் ஃபொரிவா. பிள்ளை இல்லை. அடுத்த மாதமே கடையை ஒருத்திக்குக் கைமாற்றிவிட்டு, கட்டுமானத்தின் பின்புறமிருந்த இரண்டு சிற்றறைகளில் குடிபுகுந்தார்.

வீடு எழுந்தது, கூரை ஏறியது, தரையில் கல் பதிக்கப்பட்டது. ஃபொரிவா ஒரு நாள்கூட முன்வீட்டில் உறங்கவில்லை. கேட்டவர்களுக்கு, "கட்டினவனே இன்னும் படுக்காத கட்டில்ல நான் எப்படிப் படுக்கிறது?" என்று விடை கூறுவார். டுமாசி நான்காண்டுகளுக்கு ஒரு முறை வந்து, மூன்று வாரம் தங்கி, திரும்பிச் செல்வார். அவர் மனைவி எஸி வருவது அரிது. விமானத்தில் இருவர் வந்துபோகும் செலவு கட்டுப்படியாகாது என்று டுமாசி சொல்வதுண்டு. எஸி கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். ஹாம்பர்க்கில் வீடுகளும் அலுவலகங்களும் துப்புரவு செய்யும் பணி. எங்கள் முறைப்படி, கணவனின் தங்கையும் ஒரு கணவனே. எனவே தொலைபேசியில் ஃபொரிவா அவரைப் "பெண்டாட்டி" என்று அழைப்பார். எஸி இவரைப் "புருஷரே" என்பார். கேலிக்கு அப்பால் இருவரும் மிகுதியாகப் பேசிக்கொண்டதில்லை.

உயில் எழுதப்பட்டது நான்காண்டுகளுக்கு முன், டுமாசியின் கடைசி வருகையின் கடைசி நாளில்.

எழுதியவர் டார்க்வா. நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு அவர் 'கிளார்க் ஐயா'. முன்வீட்டுக் கூடத்தில் மேசையை இழுத்துப் போட்டு, டுமாசி சொல்லச் சொல்ல எழுதினார். சாலிஃபு சாட்சிக்காக வரவழைக்கப்பட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தான்.

"எழுதுங்க ஐயா. இந்த வீடு என் தங்கச்சி ஃபொரிவாவுக்கு. மிச்சம் மீதி எதுவா இருந்தாலும் எஸிக்கும் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும்."

"சாட்சி ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்தன், சாலிஃபு ஒருத்தன். சரிதானே?"

"சரிதான்" என்றான் சாலிஃபு. எழுதி முடிக்கவும் மாலைத் தொழுகைக்கு அழைப்பு எழவும் சரியாக இருந்தது. "பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்று எழுந்து சென்றான்.

அந்நேரத்தில் ஃபொரிவா உள்ளே வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு மதுப்புட்டிகளை மேசையில் வைத்தார். கொடையை ஏற்பவர் வைக்கவேண்டிய நன்றிப் பொருள் அது. வைத்துவிட்டு நிற்கவில்லை, பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"உங்க கையெழுத்துக்கு இதுல வேலையே இல்லம்மா. வாயால நன்றி சொன்னாப் போதும்" என்றார் டார்க்வா.

"வாயால சொன்னது நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அண்ணன் பேப்பர்ல குடுக்கிறாரு, நானும் பேப்பர்லயே நன்றி சொல்றேன். வாங்கினவ கை வைக்காத கொடை நிக்குமா? குடுத்ததைச் சத்தமில்லாம வாங்கி வச்சுக்கிறது திருட்டு ஐயா."

டுமாசி உரக்கச் சிரித்தார். "போடட்டும் விடுங்க. இல்லன்னா தினம் விடியக்காலைல ஹாம்பர்க்குக்கு வந்து என் கதவைத் தட்டுவா."

வாசலில் தலைநகருக்குச் செல்லும் கார் இரண்டு முறை ஒலி எழுப்பியது. டார்க்வா ஒரு கணம் தயங்கினார். பின்னர், இரண்டாம் சாட்சி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஃபொரிவா குனிந்து, பள்ளியில் கற்ற எழுத்தில், நிதானமாகத் தம் முழுப் பெயரையும் எழுதினார். டுமாசி தம் கைப்பேசியில் அத்தாளைப் படம் பிடித்துக்கொண்டார். புட்டி திறக்கப்பட்டு முன்னோருக்கு ஒரு துளி தரையில் வார்க்கப்பட்டது. சாலிஃபு திரும்பி வந்தபோது கோப்பைகள் பாதியாகியிருந்தன.

"எனக்கு?"

"உனக்குக் குளிர்பானம் இருக்கு. கையெழுத்து வேலை முடிஞ்சுபோச்சு, நீ பொழைச்சே" என்றார் டுமாசி. எல்லோரும் சிரித்தனர். அசல் உயில் டார்க்வாவின் இரும்புப் பெட்டிக்குள் சென்றது.

இவ்வாண்டு பிப்ரவரியில் டுமாசி, ஹாம்பர்க்கில், வேலைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்தவாறே இறந்துபோனார். உடலைக் கொண்டுவர ஆறு வாரங்கள் ஆயின. எஸி உடன் வந்தார். மகனும் மகளும் மூன்று நாள் இருந்து, விடுப்பு முடிந்ததென்று திரும்பிவிட்டனர். இரண்டு சனிக்கிழமைகள் சன்னல்கள் திறந்த பின்னும் ஃபொரிவா பழக்கத்தால் கைப்பேசியை எடுத்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை, முன்வீட்டுக் கூடத்தில் குடும்பத்தார் கூடினர். லெட்டீஷியா என்னும் இளம் வழக்கறிஞர் வந்திருந்தார். எஸி தம் கணவரின் கைப்பேசியில் கண்ட படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். அதனைத்தான் வழக்கறிஞர் வாசித்தார். வாசித்து முடித்து, தாளின் அடியில் கண்ணை நிறுத்தினார்.

"இதுல இரண்டாவது சாட்சி யாரு?"

"நான்தான்" என்று ஃபொரிவா எழுந்து நின்றார். அவர் குரலில் பெருமிதம் இருந்தது என்பதனை மறைப்பதற்கில்லை.

"வீடு எழுதியிருக்கிறது?"

"எனக்குத்தான்."

வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்கம்மா. உயில்ல சாட்சியா கையெழுத்துப் போட்டவங்க, அதே உயில்ல எதையும் வாங்க முடியாது. உயில் செல்லும். வீடு உங்களுக்குன்னு எழுதின அந்த ஒரு வரி மட்டும் செல்லாது. அது மிச்சத்தோட சேந்து எஸி அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் போயிடும்."

குடும்பத் தலைவராகிய முதியவர்தான் வாய் திறந்தார். "நன்றி சொன்னதுக்கா தண்டனை? இது எந்த ஊரு நியாயம்?"

"எல்லா ஊர் சட்டமும் அதான் தாத்தா. லாபம் இருக்கிறவரு சாட்சி சொன்னா யாரு நம்புவா?"

"எங்க வழக்கத்துல வாங்கினவதான் முதல் சாட்சி" என்றார் முதியவர்.

"தெரியும். எங்க வீட்லயும் அதே வழக்கம்தான்." வழக்கறிஞர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா இந்தப் படத்துல தாளோட அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கு. அசல்ல இதுக்குக் கீழ மூணாவது சாட்சியா யாராச்சும் போட்டிருந்தா, உங்க கையெழுத்தை ஒதுக்கிட்டு மத்த ரெண்டை வச்சுக்கலாம். அப்ப வீடு உங்களுக்கு நிக்கும். அசல் யார்கிட்ட இருக்கு?"

டார்க்வா மெல்லக் கையை உயர்த்தினார்.

"வியாழக்கிழமை என் ஆபீசுக்குக் கொண்டாங்க ஐயா."

எஸி ஃபொரிவாவைப் பார்க்கவில்லை. பச்சைக் கல் பதித்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஃபொரிவா டார்க்வாவின் வீட்டுக்குச் சென்றார். அங்கே சாலிஃபுவும் வந்து அமர்ந்திருந்தான். மேசையில் அசல் உயில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. சாட்சிகளின் இரண்டு கையெழுத்துகளுக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா" என்று டார்க்வா தொடங்கினார். "முப்பத்தொரு வருஷம் கோர்ட்ல இருந்தவன். தெரியாதுன்னு சொன்னாப் பொய். அன்னிக்கு ஞாபகம் வரலைன்னு சொன்னா அதுவும் பாதிப் பொய்."

"பின்ன ஏன் சொல்லல?"

"கார்க்காரன் ஹாரன் அடிச்சான். டுமாசி சிரிச்சாரு. நீங்க புட்டியைக் கொண்டாந்து வச்சுட்டீங்க. எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். அதுக்கு நடுவுல, கொஞ்சம் இருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத்தான் நேத்திலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், சுவத்தைப் பாத்து."

ஃபொரிவா தம் கையெழுத்தை நோக்கினார். அஃது அண்ணனுடைய கையெழுத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. இத்தனை பெரிதாக எழுதியிருக்கிறோம் என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை.

டார்க்வா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த இடத்தைப் பாருங்க. சாலிஃபு அன்னிக்கு இருந்தான். டுமாசி சொன்னதை எல்லாம் கேட்டான். பத்து நிமிஷம்தான் வெளியில போனான். பத்து நிமிஷத்துக்காகப் பத்தொம்பது வருஷம் போகணுமா? கெட்டது என் கையால, சரி பண்றதும் என் கையாலயே இருக்கட்டும். எங்க போடணும்னு நான் காட்டறேன்."

"அன்னிக்கு எழுதின அதே பேனா இருக்கா?" என்று ஃபொரிவா வினவினார்.

"இருக்கு."

"நீ என்னப்பா சொல்றே?"

சாலிஃபு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீங்க போடச் சொன்னாப் போட்டுடறேன். தொழப் போனதால வந்த வினை; தொழுதே தீத்துக்கிறேன். ஆனா போட்டப்புறம், என்னத்தைடா போட்டேன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"பயமா இருக்கா?"

"பயமில்ல. இத்தனை வருஷம் அளவு எடுத்துத் தைச்சவன். அளவு எடுக்காம தைக்கிறது இதான் முதல் தடவை."

ஃபொரிவா தாளை மடித்தார். சாலிஃபு தைத்துக் கொடுத்த பையினுள் வைத்தார். பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்று கூறி வெளியேறினார். வழி நெடுக அவர் மனத்தில் ஒன்றே ஓடியது: அறுபத்து மூன்று வயதில் சந்தையில் மீண்டும் துணி விற்க இயலாது; கடையை வாங்கியவளின் மகள் இப்பொழுது அங்கே மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரி. மாம்போங் என்னும் ஊரில், தாய்வழிக் குடும்ப வீட்டில் ஓர் அறை கிடைக்கும். அவ்வறையில் ஏற்கனவே உறவினர் மகள்கள் இருவர் இருக்கிறார்கள்.

புதன்கிழமை காலையில் கோக்கோ எனப்படும் சோளக் கஞ்சியை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குச் சென்றார். எஸி சமையலறைத் தரையில் மண்டியிட்டு, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு உடையின் முன்றானை இடுப்பில் செருகப்பட்டிருந்தது.

"எழுந்திரு பெண்டாட்டி. துக்கத்துல இருக்கிறவளைத் தரை துடைக்க விட்டேன்னு ஊர் என்னைத்தான் பேசும்."

"பேசட்டும் புருஷரே. பொண்டாட்டியை உக்கார வச்சுச் சோறு போட்ட புருஷன் எந்தக் காலத்துல இருந்தான்?"

"கடற்கரைக்காரிக்கு வாய் மட்டும் எங்க போனாலும் கூடவே வரும்."

"வாய்க்கு விசா வேண்டாம்." எஸி சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் நிமிர நேரமாயிற்று. கஞ்சியைப் பெற்றுக்கொண்டு, சன்னலைத் திறக்கச் சென்றவர், கீழ்ச்சட்டத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டி, பின்னர் இழுத்தார். சன்னல் திறந்துகொண்டது.

ஃபொரிவா வியப்புற்றார். அந்தச் சன்னலை அவ்வாறுதான் திறக்கவேண்டும் என்பது அவர் ஒருவருக்கே தெரிந்த செய்தி. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னே. மழைக்காலத்துல சட்டம் ஊதிக்கும், கீழ தட்டி இழுக்கணும்னு. ஞாயித்துக்கிழமை காலைல நான் துணி தேய்ப்பேன். அவரு உன் குரலைப் போட்டு விடுவாரு, சர்ச்சுல பாட்டு போடற மாதிரி. இந்த வீட்டை நான் காதாலயே சுத்திப் பாத்திருக்கேன். எந்தக் குழாய் சொட்டும்னுகூடத் தெரியும்."

"எனக்கு அது தெரியாது."

"உனக்குத் தெரியாதது இன்னும் இருக்கு." எஸி கால்விரலால் தரைக்கல்லைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பச்சையை யாரு தேர்ந்தெடுத்தான்னு நினைக்கிறே?"

"அண்ணன். படம் அனுப்பினாரே."

"அங்க ஒரு பல் டாக்டர் வீடு. பதினாலு வருஷம் அந்த வீட்டுத் தரையைத் துடைச்சேன். இதே பச்சை. ஒரு நாள் உங்கண்ணன்கிட்டச் சொன்னேன், இதே மாதிரி ஒரு தரை எனக்கும் வேணும், நான் துடைக்காம நடக்கிறதுக்குன்னு. அவரு சம்பளம் வாடகைக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் சரியாப் போச்சு. என் சம்பளம் இங்க வந்துச்சு. கல்லு, கூரை, இந்தக் கதவு எல்லாம்."

ஃபொரிவா அருகிலிருந்த முக்காலியில் அமர்ந்தார். "அண்ணன் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல."

"எந்த ஆம்பிளை சொல்வான், பொண்டாட்டி முட்டி போட்டுச் சம்பாதிச்சுக் கட்டின வீடுன்னு? ஊர்ல அவர் பேரு நல்லா இருக்கட்டும்னு நானும் சொல்லல. அது என் தப்பு."

வெளியே சாலிஃபுவின் தையல் இயந்திரம் ஓடும் ஒலி கேட்டது, நின்றது, மீண்டும் ஓடியது.

"உயில் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஃபொரிவா கேட்டார்.

"அவர் போனப்புறம்தான் தெரியும். போன்ல படத்தைத் தேடினேன், சவப்பெட்டி மேல வைக்க நல்லதா ஒண்ணு வேணும்னு. இது வந்துச்சு. படிச்சேன். கோபம் வரலைன்னு சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாது, அழிச்சுடலாம்னு விரல் வரைக்கும் வந்துச்சு."

"ஏன் அழிக்கல?"

"கீழ அவரு கையெழுத்து இருந்துச்சே."

ஃபொரிவாவின் மடியிலிருந்த பையில் உயிலும் பேனாவும் இருந்தன. அவர் பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"வித்துடுவியா?"

"வித்துட்டு எங்க போறது? இனிமே குனியாதேன்னு டாக்டர் சொல்லிட்டான். பிள்ளைங்களுக்கு அவங்க வீடு, அவங்க வேலை. எனக்கு இங்க இருக்கணும்னு ஆசை. ஆனா விமானத்துல பக்கத்துல உக்காந்தவ வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தா. புருஷன் வீட்டு ஆளுங்க ஒரு வாரம் அழுவாங்க, அடுத்த வாரம் பூட்டை மாத்துவாங்க, ஜாக்கிரதைன்னு. அதனால நான் பெட்டியையே இன்னும் பிரிக்கல."

'நீயும் இங்கேயே இரு' என்று எஸி கூறுவாரோ என ஃபொரிவா காத்திருந்தார். எஸி கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மீண்டும் துணியைக் கையில் எடுத்தார். முப்பது ஆண்டுப் பழக்கம் அவ்வளவு எளிதில் கையை விட்டுப் போவதில்லை.

அன்றைய பகற்பொழுதை ஃபொரிவா தம் சிற்றறையில் கழித்தார். உயிலைக் கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்தார். அந்த மூன்று விரல் இடம் வெண்மையாகவே இருந்தது. தக்காளிக்கு நன்றி சொன்ன வீடுகளை அவர் நினைத்துப் பார்த்தார். தெருவில் ஒன்றுகூட விடுபடவில்லை. இத்தனை ஆண்டுகள் இந்தத் தரையில் நடந்தும், கல் அனுப்பியவளுக்கு ஒரு விடியற்காலையிலும் அவர் நன்றி சொன்னதில்லை. அவள் என்று தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள அவர் கேட்டதுமில்லை. அண்ணனிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரா என்பதை இனி எவரிடம் கேட்பது?

மாலையில் சாலிஃபு வந்து வாசலில் நின்றான். "அக்கா, முடிவு?"

"நாளைக்கு வக்கீல் ஆபீசுக்கு வந்துடு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா."

அவன் முகம் வாடியது. எனினும், "வரேன்" என்றான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வழக்கறிஞரின் அறையில் ஐவர் இருந்தனர். டார்க்வா பழைய கோட்டு அணிந்திருந்தார். சாலிஃபு பெருநாளுக்குத் தைத்த வெள்ளை அங்கியில் வியர்த்துக்கொண்டிருந்தான். எஸி கதவருகே அமர்ந்திருந்தார். ஃபொரிவா பையிலிருந்து உயிலை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். அதனருகில் பேனாவையும் வைத்து, டார்க்வாவை நோக்கி நகர்த்தினார்.

"உங்க பேனா ஐயா. மறந்துபோய் எடுத்துட்டு வந்துட்டேன்."

வழக்கறிஞர் தாளின் அடிப்பகுதியை உற்று நோக்கினார். "மூணாவது கையெழுத்து இல்லையே."

"இல்லம்மா. சாட்சிக் கையெழுத்து ரெண்டுதான். ஒண்ணு இவரோடது, ஒண்ணு என்னோடது. நான் போடும்போது அண்ணனையும் இவரையும் தவிர வேற யாரும் கிட்ட இல்ல."

டார்க்வா கண்களை மூடிக்கொண்டார். சாலிஃபு நீண்ட பெருமூச்சொன்றை விட்டான். பிறகு தான் பெருமூச்சு விட்டதற்கு வெட்கியவன்போல் தலை குனிந்தான்.

"அப்ப சட்டப்படி வீடு எஸி அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும்தான்" என்றார் வழக்கறிஞர். "இத்தனை வருஷம் வீட்டைப் பாத்துக்கிட்டதுக்குத் தனியா கோர்ட்ல கேட்டுப் பாக்கலாம். கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். கேக்க வழி இருக்கு."

"வேண்டாம்."

ஃபொரிவா பையினுள் மீண்டும் கையை விட்டார். வெள்ளைத் துணியில் சுற்றிய மதுப்புட்டி ஒன்றை வெளியே எடுத்தார். எழுந்து சென்று, இரு கைகளாலும் அதனை எஸியின் முன் நீட்டினார்.

எஸி திகைத்தார். "இது எதுக்கு?"

"கல்லுக்கு. கூரைக்கு. பத்தொம்பது வருஷம் நான் குடியிருந்த பின்பக்கத்து ரெண்டு அறைக்கு. வேற ஒருத்தருக்குச் சொன்ன நன்றி, உனக்குச் சேர வேண்டியது. இன்னிக்குச் சாட்சிக்கு மூணு பேர் இருக்காங்க. வாங்கிக்கோ."

எஸி புட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துணியின் முடிச்சை விரலால் நெருடினார். வழக்கறிஞர்தான் பேசினார்.

"நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

ஃபொரிவா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து, உயிலின் மேல் வைத்தார்.

"சனிக்கிழமை காலைல ஜன்னல் எல்லாத்தையும் இவளோட சேந்து ஒரு தடவை திறந்து காட்டிடறேன். ஞாயித்துக்கிழமை மாம்போங்குக்குப் போயிடறேன்."